மூடிய கை நுழையும் பாக்கெட்

கட்டிங் மாஸ்டர் அந்த மஞ்சள் துணிக்கட்டை என் மேஜையில் போட்டபோது மணி பதினொன்று கூட ஆகியிருக்காது. அறுபத்திரண்டு காலர், அவற்றுக்குள் வைக்க அறுபத்திரண்டு கான்வாஸ் துண்டு, மேலே மாதிரிக்கு ஒரு முழுச் சட்டை. "புது ஸ்கூல். சின்ன ஆர்டர்தான். இந்த வாரத்துக்குள்ள தள்ளி விட்டுடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். எங்கள் தையல் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, வேலைதான் பெயர். காலர் வைக்கிற நான் காலர். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பட்டன் கட்டுகிறவள் பட்டன். இஸ்திரி போடுகிற பெரியவர் அயர்ன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தவிர வேறெதுவும் தைக்காத கூடம் இது. இங்கே பதினான்கு வருடமாக நான் காலர். வீட்டிலும் சில நாள் என் கணவர் "காலர், ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

எந்தச் சட்டை கைக்கு வந்தாலும் முதலில் காலரைத்தான் பார்ப்பேன். இதில் வளைவு சுமார். யாரோ அவசரத்தில் வைத்திருக்கிறார்கள். முழங்கால் வரை வருகிற நீளச் சட்டை, ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே வெட்டு. பக்கத் தையலைத் தடவிக்கொண்டே இறங்கிய என் கை சடக்கென்று ஒரு பாக்கெட்டுக்குள் விழுந்தது. மறுபக்கமும் ஒன்று. இரண்டும் நல்ல ஆழம். இத்தனை வருடத்தில் இந்தக் கூடத்தில் இப்படியொரு பாக்கெட்டை நான் பார்த்ததில்லை. பையன்களுக்கு நெஞ்சில் ஒன்று வைப்போம், அதுவும் பேட்ஜ் குத்துவதற்கு. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. சட்டையோடு குத்தியிருந்த குறிப்புச் சீட்டைத் திருப்பினேன். 'பாக்கெட் இரண்டு. குழந்தையின் மூடிய கை முழுதும் உள்ளே போக வேண்டும். பட்டன் முன்பக்கம் மட்டும். எழுத்து, படம், பேட்ஜ் எதுவும் வேண்டாம். கறுப்பு நூல் எங்கும் கூடாது.'

இந்த வரிகளை நான் பார்த்துப் படிக்க வேண்டியதே இல்லை. மூன்று வருடமாக என் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். என் மகள் படிக்கிற பள்ளியின் உடுப்பு விதிகள் அவை. யூனிஃபார்மே கிடையாது, எந்தக் காலத்திலும் வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பள்ளி.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் பட்டன். ஊசி குத்திவிட்டது என்று விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் சேர்ப்பதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்திலேயே பெரிய பள்ளி இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்றார். எனக்கு ஒரே காரணம்தான். காலையில் வேலைக்கு வரும்போது தெருவில் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். நீலம் ஒரு கூட்டம், சாம்பல் ஒரு கூட்டம். எல்லார் கழுத்திலும் நான் வைத்த காலர். எது யார் பிள்ளை என்று தெரியாது, என் தையல் மட்டும் தெரியும். என் வயிற்றில் பிறந்ததையும் இந்தத் துணிக்கட்டுக்குள் ஒன்றாகப் போட மாட்டேன் என்று வைராக்கியம் வந்துவிட்டது. அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

அங்கே ஆசிரியர்களைக் கூட ஐயா, டீச்சர் என்று கூப்பிடக் கூடாது. ஆளாளுக்கு ஒரு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். தலைமை ஆசிரியை ஆமை அக்கா. வீட்டில் நாங்கள் வாலு என்று கூப்பிடுகிற என் மகள் அங்கே பென்சில். அவளே யோசித்து எடுத்துக்கொண்ட பெயர். சேர்க்கப் போன அன்று நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை ஆமை அக்காவிடம் சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஸ்கூல்ல யூனிஃபார்ம்னு ஒண்ணு வந்தா, அன்னைக்கே நான் இந்த கேட்டுக்கு வெளிய நிப்பேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரோ என் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

யூனிஃபார்ம் இல்லையே தவிர, விதிகளுக்குக் குறைவில்லை. உடுப்பில் எழுத்து இருக்கக் கூடாது, பிள்ளை படிக்க வேண்டியது புத்தகத்தை. முகம், பொம்மை கூடாது. கறுப்பு கூடாது, கறுப்பு அழுக்கைக் காட்டாதாம், பிள்ளை எங்கே விழுந்தது எங்கே உருண்டது என்று தெரியாதாம். நடந்தால் சத்தம் போடுகிற துணி கூடாது. பட்டனைப் பிள்ளை தானே போட்டுக்கொள்ள வேண்டும். பாக்கெட் கட்டாயம் இரண்டு, பொறுக்கியதை வைத்துக்கொள்ள. கடை கடையாக ஏறி இறங்கினேன். பிள்ளைகள் உடுப்பில் பூனையோ கரடியோ இல்லாமல் ஒன்று வாங்கிவிட முடியுமா இந்தக் காலத்தில்? என் நாத்தனார் ஆசையாக வாங்கிக் கொடுத்த சட்டையில் ஜிகினாவில் ஒரு பூனை. உட்கார்ந்து அந்தப் பூனையை நூல் நூலாகப் பிரித்து எடுத்தேன். அவள் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வருடம் வீடு அமைதியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கடைக்குப் போவதையே விட்டுவிட்டு, துணி வாங்கி நானே தைக்க ஆரம்பித்தேன்.

இதில் எனக்கு உயிரான விதி ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் உடுப்பை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒரு பொருள் எப்படி உண்டானது என்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பார் ஆமை அக்கா. பஸ்ஸில் ஒரு அம்மாள் "பாப்பாவுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று காதோடு சொன்னாள். "இன்னைக்கு அப்படித்தாங்க" என்றேன். அவள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நானும் வாலுவும் இறங்கும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தோம்.

தையல்காரியைக் கேட்டால் சொல்வாள், உள்பக்கம்தான் உண்மை என்று. கூடத்தில் உள்பக்கம் என்றால், துணி ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் மெஷினில் ஒரு இழு, முடிந்தது கதை. யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூடமே பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மெஷினைச் சன்னல் ஓரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். துணியின் ஓரம் ஒன்று கூட வெளியே தெரியாமல் மடித்து இரட்டைத் தையல் போடுவேன். தோளுக்குள் பச்சைப் பட்டை, கைக்குள் ஆரஞ்சு. பாக்கெட்டின் உள்பை மட்டும் வேறு துணியில். அவள் மூடிய கையை அட்டையில் வைத்து வரைந்து அதைத்தான் அளவாக வைத்துக்கொண்டேன்; ஒவ்வொரு வருடமும் புதிதாக வரைவேன். துவைக்கும் நாளில் அந்தப் பாக்கெட்டுகளிலிருந்து நத்தை ஓடு, கூழாங்கல், காய்ந்த விதை, உடைந்த பட்டன் எல்லாம் கொட்டும். ஒரு பழைய தகர டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் ஆமை அக்கா எல்லோர் முன்னாலும், "பென்சிலோட சட்டை எங்களுக்கு ஒரு பாடம்" என்றார். அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை. பதினான்கு வருடத்தில் என் தையலை ஒருத்தர் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

இப்போது அந்தப் பள்ளியின் காலர் என் மேஜையில் அறுபத்திரண்டாக வந்து கிடக்கிறது. மாதிரிச் சட்டையை உள்பக்கம் திருப்பினேன். ஓவர்லாக்.

சாப்பாட்டு நேரத்தில் கணவருக்குப் போன் போட்டேன். "மேல நிக்கிறேன், கயிறு கழட்டியிருக்கு, அப்புறம் பேசவா?" என்றார். "வாலு ஸ்கூலுக்கு யூனிஃபார்மா?" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பக்கம் ஸ்பானர் சத்தம் நின்றது.

"உனக்கு யார் சொன்னா?" என்றார்.

அடப்பாவி! இல்லையே என்று சொல்லவில்லை, என்ன உளறுகிறாய் என்று கேட்கவில்லை. உனக்கு யார் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளியிலிருந்து பெற்றோர் சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். "வாலுதான் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டா. நீ கத்துவேன்னுதான் நானும்..." என்று இழுத்தார். மூன்று வாரமாக ஒரே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே டிவியைப் பார்த்து, போன ஞாயிற்றுக்கிழமை நான் மகளுக்கு நீலச் சட்டை தைக்கும்போது ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்த மனிதர். அவருக்குத் தெரியும், அது இனி பள்ளிக்குப் போகாத சட்டை என்று. ஒரு வார்த்தை வாய் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பப் பைக்குள் போட்டேன்.

தலைவலி என்று அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். விடுகிற நேரம். ஆமை அக்கா கேட்டுக்கு உள்பக்கம் நின்று பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஆர்டர் வந்துடுச்சா? உங்க கம்பெனிக்கே குடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு."

யோசித்துப் பாருங்கள். அடிக்கிறவர் அடித்துவிட்டுத் தைலமும் தடவினால் எந்தக் கன்னத்தைக் காட்டுவது?

"யூனிஃபார்ம் வந்தா கேட்டுக்கு வெளிய நிப்பேன்னு சொன்னீங்களேக்கா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அழப்போகிற மாதிரி இருந்தது.

அவர் வெளியே போகிற ஒரு பிள்ளையின் பையைச் சரி செய்துவிட்டார். பிறகு, "நாங்க கொண்டு வரலைம்மா. பிள்ளைங்க சபையில பேசி, கை தூக்கி முடிவு பண்ணினது. அவங்க முடிவுல நாங்க தலையிட்டா அப்புறம் இந்த ஸ்கூலுக்கு என்ன அர்த்தம்?" என்றார். அந்தப் பேச்சு அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது. "பாக்கெட்டை விடவே மாட்டேன்னுட்டாங்க. அந்த ஒரு விதிக்கு ஒருத்தர் கூட எதிர்த்துக் கை தூக்கல."

"யார் முதல்ல பேசினது?"

"அதை நான் சொல்லக் கூடாது" என்றார் ஆமை அக்கா. ஆனால் அவர் கண், என் பின்னால் புத்தகப் பையோடு வந்து நின்ற என் மகள் மேல் போய் வந்துவிட்டது.

முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவள் சன்னல் பக்கம். மூடிய கை இரண்டும் பாக்கெட்டுக்குள். பயந்தால் அவளுக்கு அதுதான் பழக்கம்.

"ஏண்டி?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு வயிறு வலிக்குதும்மா" என்றாள். "ஆமை அக்கா என்னை நடுவுல நிக்க வெப்பாங்க. கையைத் தூக்குன்னுவாங்க, திரும்புன்னுவாங்க. இங்க பாருங்க, அங்க பாருங்கன்னு குச்சியால காட்டுவாங்க. எல்லா வெள்ளிக்கிழமையும்."

"நல்லா இருக்குன்னுதானே காட்டினாங்க?"

"நான் ஒரு நாள் கதை எழுதிட்டுப் போனேன். எட்டுப் பக்கம். அதை யாருமே படிக்கல. சட்டைதான் பாத்தாங்க." மூக்கை உறிஞ்சினாள். "என் பேரு பென்சில்தானே? இப்ப எல்லாரும் தையல்னு கூப்பிடறாங்க. தையல் வா, தையல் போ. எல்லாரும் ஒரே மாதிரி போட்டா யாரையும் நடுவுல நிக்க வெக்க மாட்டாங்கல்ல?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சாதாரணமா தச்சிருப்பேனே."

"சொன்னா நீ அழுவேன்னு அப்பா சொன்னாங்க" என்றாள். "நீ ஞாயித்துக்கிழமை தைக்கும்போது பாட்டு முணுமுணுப்ப. அப்ப எப்படிச் சொல்றது?"

நியாயம் தெரியாதவள் இல்லை நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர், காலர் என்று கூப்பிடப்படுகிறவளுக்கு, தையல் என்று கூப்பிட்டால் எப்படி வலிக்கும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவளை இழுத்து அணைத்திருக்க வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தை. ஆனால் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. சபையில் எழுந்து நின்று சொல்லத் தெரிந்திருக்கிறது, அப்பாவிடம் சத்தியம் வாங்கத் தெரிந்திருக்கிறது, மூன்று வாரம் என்னிடம் அளவு கொடுத்துக்கொண்டு நிற்கவும் தெரிந்திருக்கிறது. நான் மட்டும் ஒன்றும் தெரியாத முண்டமாகப் பச்சைப் பட்டையா ஆரஞ்சுப் பட்டையா என்று அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு என்று பதிலும் சொன்னாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரும் வரை நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள்.

மறுநாள் காலர் வைக்க ஆரம்பித்தேன். மஞ்சள் நல்ல மஞ்சள்தான். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டு உயர்ந்தது. அளவு எட்டு, அளவு பத்து, அளவு பன்னிரண்டு. அளவு பத்தில் பதினேழு சட்டை. அதில் ஒன்று என் மகளுக்கு. எது என்று எனக்குத் தெரியாது, தெரியப் போவதும் இல்லை. எதற்காக இரண்டு பஸ் மாறிப் போனேனோ அதையே உட்கார்ந்து என் கையால் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு காலரையும் ஒழுங்காகத்தான் வைத்தேன். கோபத்தில் தையல் கோணினால் அது வேறு கேவலம்.

பாக்கெட் துண்டுகளைக் கடைசியில், மிஞ்சுகிற துணியில்தான் வெட்டுவார்கள். மூன்று மணி வாக்கில் கட்டிங் மாஸ்டர் பாக்கெட் அளவு அட்டையும் கையுமாக என் மேஜைக்கு வந்தார்.

"காலர், உன் பொண்ணு இந்த ஸ்கூல்தானாமே? பட்டன் சொன்னா. துணி இடிக்குது. பாக்கெட்டை ரெண்டு விரல் குறைச்சா எல்லாத்துக்கும் வந்துடும். இல்லன்னா மறுபடி துணிக்குச் சொல்லிவிட்டு ஒரு வாரம் உக்காரணும். அங்க ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதன் மேல் என் கை தானாக ஒரு அளவு வைத்தது. இந்த வருடம் நான் வரைந்த கை. மணிக்கட்டு வரை சரியாகப் போகும். இரண்டு விரல் குறைத்தால் எது வெளியே நிற்கும் என்று அட்டையிலேயே எனக்குத் தெரிந்தது. குறிப்புச் சீட்டு அவர் மேஜையில் இருக்கிறது. அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். பிள்ளைகள் ஒருத்தர் விடாமல் வேண்டும் என்று கேட்ட வரி. நூலைக் கடித்துக்கொண்டே பட்டன் என்னைப் பார்த்தாள்.

"அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். "வெட்டுங்க."

அவர் போன பிறகு அடுத்த காலரை எடுத்தேன். தையல் கொஞ்சமும் கோணவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் வாலு பழுப்புக் காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். வந்த வேகத்தில் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, பிரிக்கட்டுமா என்று அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் ஒரு வாரமாக இப்படித்தான் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சன்னல் ஓரத்தில் மெஷினுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

சட்டையை எடுத்தவள் போட்டுப் பார்க்கவில்லை. முதலில் உள்பக்கத்தைத் திருப்பினாள். தரையில் விரித்து மண்டி போட்டு உட்கார்ந்து, தோளிலிருந்து தொடங்கி விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள். கை மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். காலரின் அடியைத் தூக்கிப் பார்த்தாள். கூடத்தில் சரக்கு பார்த்து வாங்க வருகிற ஆட்கள் கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

"நீ உள்ள ஒண்ணும் பண்ணலல்லம்மா?"

"ஒண்ணும் பண்ணல."

"நிஜமா?"

"நான் காலர் மட்டும்தாண்டி. எல்லாருக்கும் வெச்ச மாதிரிதான்."

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்தது. என்னிடமே நேராகச் சிரித்தாள், ஒரு வாரத்தில் முதல் தடவையாக. சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டு முன் பட்டனை ஒவ்வொன்றாகத் தானே போட்டாள். மஞ்சள் அவளுக்கு நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓடிப்போய்த் தகர டப்பாவைத் திறந்து, அவளுக்குப் பிடித்த அந்தப் பெரிய நத்தை ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கையை மூடினாள். மூடிய கையைப் பாக்கெட்டுக்குள் விட்டாள்.

பாதியில் நின்றது. வெளியே எடுத்து ஓட்டைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையை மூடி மறுபடி விட்டாள். அழுத்தினாள். மறுபக்கம் மாற்றிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கட்டைவிரலின் அடியும் மணிக்கட்டும் மஞ்சள் துணிக்கு வெளியே நின்றன.

"அம்மா" என்றாள் தலையைத் தூக்கி. "பாக்கெட்..."

நான் எழுந்து போய் அவள் முன்னால் மண்டியிட்டு, காலரைச் சரி செய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.